பன்னிரண்டாவது டப்பா

ஜூலை 29, திங்கள்

காலை ஒன்பது மணிக்குக் கல்லூரி வாசலில் சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கியது. நாங்கள் பதினோரு விரிவுரையாளர்கள். போன மாதம் ஒரே நாளில், ஒரே வாட்ஸ்அப் செய்தியில் வேலையிலிருந்து தூக்கப்பட்டவர்கள். செய்த குற்றம், கோடை விடுமுறையில் வீடு வீடாகப் போய் ஆளுக்குப் பதினைந்து மாணவர்களைப் பிடித்துவரவில்லை. எங்கள் அசல் சான்றிதழ்கள் தாளாளரின் இரும்பு பீரோவில் இருக்கின்றன. வேலையும் இல்லை, வேறு வேலைக்குப் போகக் காகிதமும் இல்லை. கோரிக்கைகள் மொத்தம் ஆறு. முதலாவது வேலை, இரண்டாவது சான்றிதழ். மற்ற நான்கும் பட்டியல் நீளமாகத் தெரிவதற்காக.

தலைவர் வணிகவியல் சுந்தரவடிவேல் அண்ணன். ஆடி மாதக் கோயில் திருவிழாக்கள் நடப்பதால் பந்தல்காரரிடம் ஒரே ஒரு அலங்கார வளைவுதான் மிச்சம் இருந்ததாம். ஏதோ காதணி விழாவுக்குப் போய்வந்தது. மேலே 'விருந்தினர்களே வருக', கீழே 'சாகும்வரை உண்ணாவிரதம்'. வளைவை யாரும் பார்க்கமாட்டார்கள் என்றார் அண்ணன். வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் படம் எடுத்தார்கள்.

நான் ஜெயசீலன், உயிர்வேதியியல். என் எடை 63.8 கிலோ. அறிவியல் படித்தவன் என்பதால் தினமும் குறித்துவைக்கப் போகிறேன்.

ஜூலை 30, செவ்வாய்

உள்ளூர் கேபிள் டிவியில் தாளாளர் பேட்டி. பகலில் பட்டினி, இரவில் பிரியாணி என்று எங்களைச் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். இந்த நாட்டில் தின்று கொழுத்தவனிடம் யாரும் ஆதாரம் கேட்பதில்லை. பட்டினி கிடப்பவன்தான் நிரூபிக்க வேண்டும்.

எனக்கு ரத்தம் கொதித்தது. மைக்கைப் பிடுங்கிப் பேசினேன். நாம் அரிசி தின்றாலும் ஆட்டுக்கறி தின்றாலும் நெய் தின்றாலும் உடம்பு அதை உடைத்து உடைத்துக் கடைசியில் ஒரே பொருளாக்கிவிடுகிறது. அதன் பெயர் அசிட்டைல் கோஎன்சைம் ஏ. வெளியில்தான் சைவம், அசைவம், மேல், கீழ். உள்ளே போனால் எல்லாம் ஒரே சாதி. அது செல்லுக்குள் ஒரு சுழற்சியில் நுழைந்து எரிகிறது, அந்த எரிப்பில்தான் நாம் நடக்கிறோம், பேசுகிறோம். சாப்பிடாமல் இருந்தால் உடம்பு தன் சொந்தக் கொழுப்பை உடைத்து அதே அசிட்டைல் கோஎன்சைம் ஏ-வைச் செய்யும். ஆனால் அதைச் சுழற்சிக்குள் இழுத்துக்கொள்ளும் கூட்டாளிப் பொருளோ, மூளைக்குச் சர்க்கரை செய்ய வேறு வேலைக்குப் போயிருக்கும். உள்ளே போக வழியில்லாமல் கல்லீரலில் குவிவது கீட்டோனாக மாறி ரத்தத்தில் ஏறும், சிறுநீரில் இறங்கும். ஒரு சின்னக் காகிதப் பட்டையை முக்கினால் போதும். சாப்பிட்டவனுக்குப் பட்டை வெளிறியே இருக்கும். பட்டினி கிடந்தவனுக்கு ஊதாவாக மாறும். தாளாளரே, தைரியம் இருந்தால் எங்களைச் சோதித்துப் பாருங்கள்!

பெரிய கைதட்டல். இதையே துண்டறிக்கையாக அடித்து ஊர் முழுக்கக் கொடுத்தோம். மாலையில் மாணவர்கள் கோஷம் போட்டார்கள். "அசிட்டைல் கோஎன்சைம் ஏ! பதில் சொல், பதில் சொல்!" யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தெளிவாக இல்லை. ஆனாலும் என் பாடத்தை ஊரே கத்தி நான் கேட்டது இன்றுதான்.

மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்குப் போனேன். அம்மா அழுதாள். பெற்றவள் மனதை ஓரளவுக்கு மேல் நோகடிக்கக் கூடாது. ரசம் திரவ வகையைச் சேர்ந்தது.

ஜூலை 31, புதன்

பந்தலில் எறும்புத் தொல்லை. பதினோரு பேரின் பைகளிலும்.

ஆகஸ்ட் 1, வியாழன்

தாளாளர் சவாலை ஏற்றுக்கொண்டார். முத்திரை போட்ட கடிதம். அவருடைய நர்சிங் கல்லூரி லேப் டெக்னீஷியன் சனிக்கிழமை முதல் தினமும் மதியம் வந்து சோதிப்பார். பதினோரு பேருக்கும் கீட்டோன் இருந்தால் பேச்சுவார்த்தை. ஒருவருக்கு இல்லையென்றாலும் மோசடி என்று போலீசில் புகார், சான்றிதழை மறந்துவிடலாம்.

கடிதத்தைப் படித்து முடித்ததும் அண்ணன் என்னைப் பந்தலுக்குப் பின்னால் கூட்டிப் போனார்.

"தம்பி, அந்த அசிட்டைலு எத்தனை நாள்ல ஊதாவா வரும்?"

இன்றிலிருந்து எதுவும் சாப்பிடாமல் இருந்தால் சனிக்கிழமை மதியத்துக்குள் வந்துவிடும் என்றேன்.

"எதுவுமேன்னா?"

"எதுவுமேண்ணே."

"மைக்க வாங்குறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் தம்பி" என்றார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஒத்திகை. மருந்துக்கடையில் நானே பட்டைகள் வாங்கிவந்தேன். பந்தலுக்குப் பின்னால் நகராட்சியின் நடமாடும் கழிப்பறை நிற்கிறது. அதன் படிக்கட்டில் பிளாஸ்டிக் டப்பாக்களை அடுக்கிவைத்து ஒவ்வொருவராகப் போய்வரச் சொன்னேன்.

முதல் டப்பா, வெளிறியது. இரண்டு, மூன்று, நான்கு, அதேதான். என்னுடையதும் வெளிறிய நிறம். ஆனால் என் விஷயத்தில் அது பட்டையின் கோளாறாக இருக்கலாம், புட்டியின் மூடி சரியாக இறுகவில்லை. மற்றவர்களுக்கு அப்படியல்ல. கணிதம் ஹேமாவதி மேடம் சாப்பிட்ட பிறகே போட வேண்டிய மாத்திரை ஒன்று இருப்பதாகச் சொன்னார். இயற்பியல்காரர் வாழைப்பழத்தை உணவு என்று தான் நினைக்கவில்லை என்றார். கடைசியில் எல்லோரும் வேறு வேறு வார்த்தைகளில் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். மற்ற பத்துப் பேரும் இருக்கிறார்களே, நான் ஒருவன் கொஞ்சம் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

மற்ற பத்துப் பேரும் பட்டினி கிடக்கிறார்கள் என்று பதினோரு பேரும் நம்பியிருக்கிறோம்.

அப்போதுதான் பார்த்தேன், படிக்கட்டில் பன்னிரண்டு டப்பாக்கள். பன்னிரண்டாவதில் பட்டையை முக்கினேன். பதினைந்து விநாடியில் நாவல் பழம் மாதிரி ஆனது. நான் படித்த காலத்தில்கூட அப்படி ஒரு ஊதாவைப் பார்த்ததில்லை.

யாருடையது என்று கேட்டதற்குக் கழிப்பறை வாளியோடு நின்றிருந்த ஒரு அம்மா கையைத் தூக்கினார். ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. கல்லூரியையும் இந்தக் கழிப்பறையையும் சுத்தம் செய்பவர். பெயர் பச்சையம்மாள் என்று இன்றுதான் தெரிந்துகொண்டோம். நான் இங்கே வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது.

"இலவச செக்கப்புன்னு நெனச்சிட்டேன் சார். தப்பா?" என்று கேட்டார்.

அண்ணன் ஊதாப் பட்டையையும் எங்கள் பதினோரு டப்பாக்களையும் மாறி மாறிப் பார்த்தார். வணிகவியல் படித்தவர்களுக்குப் பங்கீடு சீக்கிரம் புரிகிறது.

ஆகஸ்ட் 3, சனி

டெக்னீஷியன் பெயர் ரெஜினா. சின்னப் பெண், கறாரான முகம். பதினோரு டப்பாவும் தயாராக இருந்தன. பச்சையம்மாளுடையதிலிருந்து டப்பாவுக்கு ஒரு மூடி அளவு. பட்டை நனைய அது போதும். ஒருவர் பாக்கி இல்லாமல், பதினோரு பேரும் ஊதா.

மாணவர்கள் விசில் அடித்தார்கள். ஹேமாவதி மேடம் நிஜமாகவே அழுதார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சோதனைக்கு விடுமுறை. எடை 64.6. தராசு சரியில்லை.

ஆகஸ்ட் 5, திங்கள்

ரெஜினா பட்டைகளை வரிசையாக வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "பதினோரு பேருக்கும் ஒரே ஷேடு. ஜெராக்ஸ் எடுத்த மாதிரி இருக்கு சார்" என்றாள். ஒரே போராட்டம், ஒரே உணர்வு என்றேன். அவள் படிவத்தில் பாசிட்டிவ் என்று பதினோரு தடவை எழுதினாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது யாரோடதா இருந்தாலும் அவங்கள டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க சார். நானும் கான்ட்ராக்ட்தான், அதுக்கு மேல கேக்க மாட்டேன்" என்றாள்.

விஞ்ஞான ஆர்வத்தில் பச்சையம்மாளிடம் விசாரித்தேன். காலை நாலரைக்கு ஒரு வறக்காப்பி. ஆறிலிருந்து இரண்டு வரை இங்கே. மூன்றிலிருந்து எட்டு வரை கல்யாண மண்டபம். ராத்திரி ஒன்பதுக்குச் சோறு, இருந்தால். மதியத்துக்கு ஏன் கட்டிக்கொண்டு வரக்கூடாது என்று கேட்டேன்.

"கட்டிட்டு வந்தா எங்க சார் உக்காந்து துன்றது? உக்காந்தா சூப்பர்வைசரு போட்டோ எடுத்து குரூப்புல போடுவான். நின்னுட்டே துன்னா பினாயில் கை. அதான் உட்டுட்டேன்."

எத்தனை வருடமாக என்றேன். பெரிய பெண் வயசுக்கு வந்த வருஷத்திலிருந்து என்றார். அவளுக்கு இப்போது இரண்டு குழந்தைகள்.

முதலாளித்துவத்தின் மீது எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. நேராக அண்ணனிடம் போய், ஏழாவது கோரிக்கை ஒன்று சேர்க்க வேண்டும் என்றேன். துப்புரவுத் தொழிலாளர்களுக்கு மதியம் அரை மணி நேரம், உட்கார்ந்து சாப்பிட. அண்ணன் இது நம் பிரச்சினை இல்லையே என்றார். டப்பாவை நினைத்துப் பாருங்கள் என்றேன். சேர்த்துக்கொண்டார். நானே கைப்பட எழுதினேன். பச்சையம்மாளுக்குப் படித்துக் காட்டியபோது, அரை மணி எதற்கு, இருபது நிமிடம் போதும் என்றார்.

ஆகஸ்ட் 7, புதன்

கூட்டம் சேருகிறது. ஒரு கட்சியின் மாவட்டச் செயலாளர் வந்து பதினோரு பேருக்கும் துண்டு போர்த்தினார். எங்கள் முகத்தில் தியாக ஒளி தெரிவதாகச் சொன்னார். பத்தாம் நாளிலும் இவ்வளவு தெம்பாக இருக்கிறார்களே என்று யாரோ கேட்டதற்கு அது கொள்கையின் பலம் என்றார்.

தாளாளர் நடுங்கிப்போயிருக்கிறாராம். அவருடைய சொந்தக் கல்லூரி லேப்பே அவர் வாசலில் பதினோரு பேர் பட்டினியால் சாகப்போகிறார்கள் என்று தினமும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறது. பல்கலைக்கழக ஆய்வுக் குழு வேறு அடுத்த வாரம் வருகிறது. வெள்ளி மதியம் இரண்டு மணிக்குப் பேச்சுவார்த்தை என்று தேதி கொடுத்துவிட்டார். ஒரு மணிக்குக் கடைசிச் சோதனை, அவர் முன்னிலையில்.

கழிப்பறையில் தண்ணீர் தீர்ந்தது. யாரும் நகராட்சிக்குப் போன் செய்யவில்லை. பச்சையம்மாள் எட்டுக் குடம் தூக்கிவந்து ஊற்றினார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

அண்ணன் என்னைத் தனியாக அழைத்தார். முகம் வெளிறியிருந்தது, பட்டை மாதிரி. நாளை ஆடி வெள்ளி. பச்சையம்மாள் தெருவில் கூழ் வார்த்தல். காலை பத்து மணிக்கு அனுமதி கேட்டுக்கொண்டு போகப்போகிறார். போய்க் கூழ் குடித்துவிட்டு வந்து ஒரு மணிக்கு டப்பாவைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று கேட்டார். ஊதா கலைந்துவிடும் என்றேன்.

"அப்ப நீங்கதான் சொல்லணும் தம்பி. ஆரம்பிச்சது நீங்க."

பச்சையம்மாள் வாளி கழுவிக்கொண்டிருந்தார். கூழ் என்று நான் ஆரம்பித்ததுமே முகம் மலர்ந்துவிட்டது. வருடத்துக்கு ஒரு நாள்தான் சார் என்றார். மாரியாத்தா வாசலில் அண்டா அண்டாவாகக் காய்ச்சுவார்களாம். வெங்காயம், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. எத்தனை சொம்பு கேட்டாலும் ஊற்றுவார்களாம். நீங்களும் வாருங்கள் என்றவர், உண்ணாவிரதம் ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். கேழ்வரகு உள்ளே போனால் சர்க்கரையாகும். சர்க்கரை வந்தால் கூட்டாளிப் பொருள் தன் வேலைக்குத் திரும்பும். குவிந்திருக்கும் அசிட்டைல் கோஎன்சைம் ஏ சுழற்சிக்குள் போய் எரிய ஆரம்பிக்கும். கீட்டோன் குறையும். பட்டை வெளிறிவிடும். பதினோரு குடும்பங்கள் நடுத்தெருவில் நிற்கும்.

வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு யோசித்தார்.

"குடிச்சா உள்ள ஓட ஆரம்பிச்சிடும். குடிக்காட்டி தேங்கிக் கெடக்கும். அப்பிடித்தான சார்?"

இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு இதைப் புரியவைக்க எனக்கு ஒரு பருவம் ஆகும்.

"அப்பிடித்தாங்க்கா."

"தேங்கிக் கெடக்கறதுதான் உங்களுக்கு வோணும்."

"நாளைக்கு ஒரு நாள் மட்டும்."

"அந்த ஏழாவது பேசுவீங்கல்ல?"

"பேசுவோம்."

"சரி சார். நீங்க பேசி முடிச்சிட்டு வந்து சொல்லுங்க, அப்புறமா துன்றேன். ஆத்தாகிட்ட நான் சொல்லிக்கிறேன், வாத்தியாருங்க வேணான்னாங்கன்னு."

நன்றாகத்தான் பேசினார். எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஒரு போராட்டம் என்றால் எல்லோரும் ஏதாவது ஒன்றை இழக்கத்தான் வேண்டும். இதை எழுதும்போது கை கொஞ்சம் பிசுபிசுப்பாக இருக்கிறது. நெய் இல்லை, வேர்வை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வெற்றி.

ஒரு மணிக்கு ரெஜினா பட்டைகளை முக்கினாள். இதுவரை இல்லாத ஊதா, கிட்டத்தட்டக் கறுப்பு. நேற்று ராத்திரியும் பச்சையம்மாள் வீட்டில் சோறு இல்லை போலிருக்கிறது. தாளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். வாங்க உள்ளே பேசலாம் என்றார்.

ஏசி அறை. ஒவ்வொன்றாகப் படித்தார்கள். முதல் கோரிக்கை, மீண்டும் வேலை, சரி. இரண்டாவது, சான்றிதழ், சரி. மூன்றிலிருந்து ஆறு வரை பரிசீலனை. ஏழாவதைப் படித்துவிட்டு, "இது என்ன, கூட்டிப் பெருக்குறவங்க பத்தி?" என்று தாளாளர் நிமிர்ந்தார். அது கான்ட்ராக்டர் விஷயமாயிற்றே என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். மற்ற ஒன்பது பேரும் பார்த்தார்கள். அந்த நேரத்தில் பீரோ திறந்திருந்தது. என் எம்.எஸ்சி. சான்றிதழ் மேசைமேல் இருந்தது. ஓரத்தில் பூச்சி அரித்திருக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அரித்திருக்கவில்லை.

"அது தவறுதலா ஏறிடுச்சுங்க" என்றார் அண்ணன்.

நான்கு மணிக்குப் பந்தலில் தாளாளரே பழச்சாறு கொடுத்து உண்ணாவிரதத்தை முடித்துவைத்தார். சாத்துக்குடி. முதல் தடவை போட்டோவில் அவர் கண்ணை மூடிவிட்டார் என்று இன்னொரு முறை குடித்தோம். மூன்றாவது முறை டிவிக்காக. பன்னிரண்டு நாள் காலியாகக் கிடந்த வயிற்றுக்கு மெதுவாகக் கொடுக்க வேண்டும் என்று கூட வந்த மருத்துவர் அறிவுரை சொன்னார். பிறகு தாளாளர் வீட்டில் வாழையிலை போட்டு விருந்து. மெதுவாகத்தான் சாப்பிட்டோம்.

ஐந்தரைக்குப் பையை எடுக்க வந்தேன். வளைவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கழிப்பறைப் படிக்கட்டில் பச்சையம்மாள் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வேலை இரண்டு மணிக்கே முடிந்திருக்கும். மண்டபத்துக்குப் போகவில்லையா என்றேன்.

"நீங்க வந்து சொல்றேன்னீங்களே சார்" என்றார். படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இப்ப சாப்டலாமா?"

சாப்பிடலாம் என்றேன்.

"அந்த ஏழாவது?"

அடுத்த கட்டமாகப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். பொதுவாக அப்படித்தான் சொல்வார்கள்.

தலையாட்டினார். இந்நேரம் அண்டா கழுவியிருப்பார்கள், அடியில் கொஞ்சம் ஒட்டியிருந்தால் சுரண்டித் தருவார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து போனார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

மீண்டும் வகுப்பு. இரண்டாம் ஆண்டு, முதல் பாடவேளை. பாடத்திட்டத்தில் அடுத்து அதுதான் இருந்தது. கரும்பலகையில் அசிட்டைல் கோஎன்சைம் ஏ என்று எழுதி வட்டம் போட்டேன். சர்க்கரை, கொழுப்பு, புரதம், மூன்று பக்கமிருந்தும் அம்புகள். போகும் பாதைகள் நான்கு.

முன் பெஞ்சில் தேன்மொழி எழுந்தாள். "சார், பட்டினி கிடந்தா எப்படி இருக்கும்? உள்ள அது தேங்கும்போது நமக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். முதல் இரண்டு நாள் பசி, மூன்றாம் நாள் பசி அடங்கிவிடும், வாயில் ஒரு பழ வாடை வரும், படியேறும்போது கண் இருட்டும் என்றேன். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது.

"உங்களுக்கு அப்படியெல்லாம் இருந்துச்சா சார்?"

"இருந்தது" என்றேன்.

ஒருத்தி கைதட்ட ஆரம்பித்தாள். வகுப்பே எழுந்து நின்று தட்டியது. நான் சாக்பீஸைப் பார்த்தபடி அடக்கமாக நின்றேன். வராண்டாவைத் துடைத்துக்கொண்டிருந்த பச்சையம்மாள் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்து, கடைசி பெஞ்சுப் பெண்ணிடம் என்ன விசேஷம் என்று கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். அவர் துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, தானும் தட்டினார். மாணவர்கள் நிறுத்தி உட்கார்ந்த பிறகும் அவர் வாசலில் நின்று தட்டிக்கொண்டிருந்தார்.